நெட் ஸ்லோ இல்லைங்க, எலிக்குட்டி கணக்குதான் தப்பு!

க்யூஎமு விர்ச்சுவல் மெஷினை வி.என்.சி. வழியா இயக்கினா, திரையில ரெண்டு அம்புக்குறி. ஒண்ணு முன்னால ஓடும், இன்னொண்ணு ஒரு சாண் தள்ளி நிக்கும். உடனே நம்ம மேதாவிங்க "நெட் ஸ்லோ"ன்னு தீர்ப்பு எழுதிடுவாங்க. அட போங்கய்யா! நெட் ஸ்லோன்னா அம்புக்குறி லேட்டாவாவது சரியான இடத்துக்கு வந்துடுமே?

வி.என்.சி. அனுப்புறது "இந்தப் புள்ளிக்குப் போ". க்யூஎமு அதை பிஎஸ்/2 மவுஸுக்காக "இவ்ளோ தூரம் நகரு"ன்னு மாத்துது. உள்ளே இருக்கற விண்டோஸ் தன் பங்குக்கு வேகத்தைக் கூட்டுது. அப்புறம் எங்கே பொருந்தும்?

ஆக்ஸிலரேஷனை அணைக்கச் சொல்றது வெறும் ஒட்டுவேலை. யுஎஸ்பி டேப்ளட்டைச் சேருங்க, புள்ளி அப்படியே போய்ச் சேரும். ஒரே வரி அமைப்பு! இதைச் செய்யாம, "ரத்து"க்குப் பதிலா "அழி"யில க்ளிக் விழுந்தப்புறம் நெட்டைத் திட்டி என்ன பிரயோஜனம்?