ஃபிளாஷைக் கழட்டி ஓரமா வைங்க சாமி!

பெங்களூர்ல கல்யாண மண்டபத்துக்கு சவுல்ட்ரின்னு பேரு. ஊர்லேருந்து ராத்திரி பஸ் ஏறி வர்ற பாட்டி, பெரியப்பா எல்லாரும் நம்மோட சேர்ந்து நிக்கறது அங்கேதான். அடுத்த விசேஷத்துக்கு யார் இருப்பாங்களோ. ஆனா படத்தைப் பார்த்தா பாட்டி நெத்தி எண்ணெய் வழிஞ்ச மாதிரி மின்னுது, பின்னாடி சுவத்துல கரேல்னு நிழல். கேமரா தலையில ஃபிளாஷை வெச்சு நேரா அடிச்சா இதான் கதி.

நம்ம ஆளுங்க உடனே இன்னும் விலை கூடின ஃபிளாஷ் தேடுவாங்க. என் கட்சி வேற. இருக்கறதையே கழட்டி, பக்கவாட்டுல கொஞ்சம் உசரமா ஸ்டாண்டுல வைங்க. தூரம் ரெட்டிப்பானா வெளிச்சம் கால்வாசிதான் (பேங்க்காரன் கணக்கு இல்லீங்க, பௌதிகம்).

தள்ளி இருக்கறதை எப்படி எரிய வைக்கறது? ஆப்டிகல் ஸ்லேவ், இன்னொரு ஃபிளாஷ் மின்னினா தானும் மின்னும். வீட்டுக் கொலுவுக்கு அது போதும். முகூர்த்த நேரத்துல கல்யாண போட்டோகிராபர் அடிக்கற ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் ஆமாம் சாமி போட்டுட்டு, நம்ம முறை வரும்போது சார்ஜ் ஏறாம பல்லை இளிக்கும். ரேடியோ ட்ரிக்கர்தான் சரி. பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், நடுவுல பெரிய மாமா நின்னாலும் சிக்னல் போயிடும். பக்கத்து ஆளும் அதே கம்பெனின்னா சேனலை மாத்திக்கணும். கேனன் 2012ல 600இஎக்ஸ்-ஆர்டியிலயும், நிக்கான் 2016ல எஸ்பி-5000லயும் ரேடியோவை ஃபிளாஷுக்குள்ளேயே வெச்சாங்க. நமக்கு அவ்வளவு வேணாம், தனி ட்ரிக்கரே போதும்.

அப்பா காலத்து ஃபிளாஷ் பெட்டியில கிடக்கா? பழைய விவிட்டார் 283 சிலதுல ட்ரிக்கர் வோல்டேஜ் 200க்கு மேல. டிஜிட்டல் கேமராவுல நேரா மாட்டிடாதீங்க. அப்புறம், ஸ்டாண்டுக்குக் கீழே கனமா ஒரு பையைத் தொங்க விடுங்க, வாண்டுங்க ஓடுற இடம்.