இயந்திரக் கண்ணின் வேகம்

1917-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் தமது பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொட்டாற்சுருங்கியின் அசைவைப் பதிவு செய்ய முற்பட்டார். கரி படிந்த கண்ணாடியில் எழுதுமுனை இடைவிடாது உராய்ந்தால், அவ்வுராய்வே மெல்லிய அசைவைத் தடுத்துவிடும். ஆகவே முனையை அதிரச் செய்து, குறித்த இடைவெளிகளில் மட்டும் புள்ளியிடுமாறு அமைத்தார். விரைந்த நிகழ்ச்சிக்கு வினாடிக்கு நூறு, இருநூறு புள்ளிகள். மெதுவான நிகழ்ச்சிக்குச் சில புள்ளிகளே போதுமானவை. தூண்டலுக்கும் அசைவுக்கும் இடைப்பட்ட, வினாடியின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான காலம் இவ்வாறு அளக்கப்பட்டது.

காமிராவின் துணைகொண்டு இயங்கும் ரோபோவிற்கும் இதே விதி பொருந்தும். வினாடிக்கு ஒரு மீட்டர் செல்லும் ரோபோ வினாடிக்கு 10 படங்களை ஆராய்ந்தால், இரு படங்களுக்கிடையே 10 சென்டிமீட்டர் தூரம் குருடாகவே செல்கிறது. 50 படங்களாயின் 2 சென்டிமீட்டரே. வேகம் போதாதபோது விலையுயர்ந்த காமிரா வாங்குவதே வழி என்ற எண்ணம் பள்ளிகளில் எளிதில் எழுகிறது. ஆனால் தடை எங்கே என்று அறியாமல் வாங்குவது, நோயறியாமல் மருந்து உண்பதை ஒக்கும்.

தடைகள் பலவகைப்படும். முதலாவது, ஒளிக்குறைவு. ஒரு படத்திற்கு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளி தேவைப்படுமாயின், அக்காமிரா வினாடிக்குப் பத்துப் படங்களுக்கு மேல் தர இயலாது. ஒரு விளக்கே அக்குறையை நீக்கக்கூடும். இரண்டாவது, இணைப்பின் கொள்ளளவு. 1920×1080 புள்ளிகள் கொண்ட படங்களை, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், சுருக்காமல் வினாடிக்கு 30 அனுப்பினால் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் பைட் ஆகும். யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச அளவோ 6 கோடி பைட்டே. மூன்றாவது, கணிப்பொறியின் வேலைப்பளு. 640×480 படத்தில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. 320×240 படத்தில் 76,800 மட்டுமே. பாதை தெரியும் பகுதியை மட்டும் ஆராய்ந்தால் இன்னும் குறையும். தேங்கி நிற்கும் பழைய படங்களை விலக்கிப் புதியதையே எடுத்தலும் அவசியம். இல்லையெனில் ரோபோ கடந்துபோன காட்சிக்கு ஏற்பவே திரும்பும்.

குறைவாகப் பார்ப்பது குறைபாடன்று. வங்கத்தில் 1937-இல் தொடங்கிய சணல் சாகுபடி மதிப்பீட்டில், வயல் அனைத்தையும் அளவாமல் தக்கவாறு தேர்ந்த மாதிரிகளாலேயே நம்பத்தக்க கணக்கைப் பெறலாம் எனப் பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவினார்.

மிக விரைவாக நகரும் பொருளைத் தொடர்வதற்கு விரைவுக் காமிரா இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், படம் பிடிக்க ஆகும் நேரத்தையும் அதை ஆராய ஆகும் நேரத்தையும் மாணவர் தனித்தனியே அளந்து எழுதிய பின்னரே அம்முடிவு செய்யப்படல் வேண்டும். அவ்வாறு செய்தால் பள்ளியின் சிறு மானியம் வீணாகாது. அளந்து பார்த்துத் துணியும் விஞ்ஞானப் பழக்கமும் மாணவரிடம் வேரூன்றும். பின்னதே பெரிய ஆதாயம்.