குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் எங்கே?

மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் கீரையும் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பேட்டா கைக்கு வந்த அன்றே டாஸ்மாக்குக்குப் போய்விடுகிறது. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு என்று இன்னொரு டிரைவர் சொன்னாராம். அது திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் நடக்கிறதா, எவ்வளவு செலவாகும், கணவர் வர மறுத்தால் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடித்துப்போன ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்களுக்குள் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். அதுதான் தொடக்கம். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது; முடிவில் ஒரு பை சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். ஊர், கம்பெனி, முழுப்பெயர் எதையும் யாரும் கேட்பதில்லை. லாரி முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவருக்கு இது பெரிய விஷயம். குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே தகுதி. பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடப்பதால் மதக் கூட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இடமும் நேரமும் மாறக்கூடியவை. அதனால் விலாசத்தை இங்கே அச்சிடுவதைவிட, கேட்க வேண்டிய இடத்தைச் சொல்வதே பயன். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. நேரில் என்றால் பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மீஞ்சூரிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறி ராயபுரத்தில் இறங்கலாம். சென்ட்ரல் போகும் வண்டி ராயபுரம் வராது. அங்கே கேட்க வேண்டியது: தமிழில் நடக்கிறதா, எந்தக் கிழமை, குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டமா? ஷிப்டுக்கு ஒத்துவரும் நேரமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகலாம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டியதன் காரணத்தை இந்தக் குடும்பம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும். இது உயிருக்கே ஆபத்து. லாரி ஓட்டும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு மறுநாளே வண்டி எடுக்க அனுப்பக்கூடாது. அந்த முதல் வாரத்தை மருந்தோடு டாக்டர் கண்காணிப்பில் கடத்த வேண்டும். அதன்பிறகு வரும் மாதங்களுக்குத்தான் கூட்டம்.

குழம்பில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று விற்கும் பொடி, சொட்டு மருந்து பக்கமே போகக்கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்ற மாத்திரை இருந்து, அதன்மேல் அவர் குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிரும் போகலாம். டாக்டர் கொடுத்தாலும் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டிய மாத்திரை அது.

கிராமத்து ஆட்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்பவர்கள் மஞ்சக்குடியைப் பார்க்கலாம். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள அந்த ஊரில் 1989-ல் சிகிச்சை முகாம் ஆரம்பித்தது. கூலி ஆட்களும் சிறு விவசாயிகளும் சொந்த மண்ணிலேயே 15 நாள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள், குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. ஒருவர் தனியாக மீள்வதைவிட, பக்கத்துத் தெருக்காரரும் கூடவே மீளும்போது பிடிமானம் அதிகம். ஏ.ஏ. கூட்டத்திலும் கிடைப்பது அதுதான்.

கணவர் வர மறுத்தால்? மனைவி மட்டும் போகலாம். குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் சென்னையிலும் உண்டு. அங்கே கணவரின் அனுமதியோ வருகையோ தேவையில்லை. கடனை யார் அடைப்பது, வேலைக்கு வரவில்லை என்று முதலாளியிடம் யார் பொய் சொல்வது, எந்த நேரத்தில் பேசக்கூடாது என்பதையெல்லாம் அனுபவப்பட்ட பெண்கள் சொல்வார்கள். அவர் நிதானமாக இருக்கும் காலை வேளையில், ஒருநாள் கூட வந்து உட்காருங்கள் என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கும் வீட்டில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இருக்கும். குடியிலும், குடியை நிறுத்திய முதல் வாரங்களிலும் மனம் மிகவும் சோர்ந்துபோகும். சாகலாம் என்ற பேச்சு வந்தால் அதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. இரவு பகல் எந்நேரமும் 14416-ல் பேசலாம். மீதி மருந்தை வீட்டில் வைக்காமல், வயல் மோட்டார் ரூமில் பூட்டி, சாவியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்துவிட வேண்டும். இதை இன்றைக்கே செய்யலாம்.