மயில் தோகையும் நொய்யல் ஆறும்

தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகளை நாம் பார்த்திருக்கிறோம். "அணையைத் திறக்காதே, அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்ன விவசாயிகளைப் பார்த்ததுண்டா? நொய்யல் கரையில் அதுவும் நடந்தது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். வறண்ட நிலங்களுக்குப் பாசனம் என்பது திட்டம். ஆனால் ஒரு சில ஆண்டுகளுக்குள் அந்த அணையில் தேங்கி நின்றது என்ன? திருப்பூர் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் வெளியே விட்ட கழிவுநீர்! பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. சுற்று வட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன. விளைந்த நிலம் தரிசாயிற்று. நிலம் தரிசானால் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி ஏது?

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது என்று 2006-ல் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. கழிவு ஆற்றில் ஓடியது. கடைசியில் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவாயிற்று. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. முதலாளிக்கு நஷ்டம் கணக்குப் புத்தகத்தில். தொழிலாளிக்கு நஷ்டம் அடுப்பில்.

ஒரு பக்கம் வயல் போன கூலிக்காரன். மறு பக்கம் வேலை போன சாயத் தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "ஆறு வேண்டுமா, தொழில் வேண்டுமா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியே மோசடி என்கிறோம் நாம்.

சுவரோடு நின்ற வரைபடம்

சாயத்தொட்டியில் நடப்பது என்ன? பருத்தி நூலோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும் சாயம் 1956-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. துவைத்தாலும் போகாத நல்ல சாயம்தான். ஆனால் தண்ணீரில் நனைந்த பருத்தியும் இந்தச் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். சாயத்தை நூலின் மேல் ஏற்ற உப்புப் போட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு வேண்டும். வேலை முடிந்ததும் நூல் அந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு அத்தனையும், ஒட்டாத சாயமும், தண்ணீரோடு வெளியே வரும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் தெளியலாம். கரைந்த உப்பு போகாது.

இது இஞ்சினீயர்களுக்குத் தெரியாத ரகசியமா? இல்லவே இல்லை. உப்பு உள்ளே போகிறது என்று எழுதியவருக்கு, அது வெளியே வரும் என்பதும் தெரியும். ஆனால் அவர் போட்ட வரைபடம் பட்டறைச் சுவரோடு நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் ஆறு, கிணறு, மஞ்சள் தோட்டம், மாட்டுத் தொட்டி; இவை எவையும் வரைபடத்தில் இல்லை. ஏன்? வரைபடத்துக்குப் பணம் கொடுத்தவன் அங்கே குடியிருக்கவில்லை!

சுவருக்கு உள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து டாக்டர் ரேன் என்பவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருவதை 1895-லேயே எடுத்துச் சொன்னார். புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதையக்கூடிய ஒரு வகைச் சாயங்கள், உடம்பில் படும் துணியில் இருக்கக்கூடாது என்று அதே ஜெர்மனி சட்டம் போட்டது 1994-ல். அந்தச் சட்டம் வந்ததும் நம் ஊர் ஏற்றுமதி முதலாளிகள் சாயத்தை மாற்றினார்கள். அன்னிய நாட்டில் துணி வாங்குகிறவன் கேட்டால் மாற்ற முடிகிறது. தொட்டியில் கையை விட்டு வேலை செய்கிறவனும், கீழே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவனும் கேட்டால் முடியாது! மாற்ற முடியுமா முடியாதா என்பது விஞ்ஞானத்தை மட்டும் பொறுத்ததல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

மயிலுக்கு ஏது சாயப்பட்டறை?

இனி வேறொரு பட்டறையைப் பார்ப்போம். திருப்பூரைச் சுற்றிய காடுகழனிகளில் மயில் திரிவதைப் பார்க்காதவர் இல்லை. அந்த நீலமும் பச்சையும் எங்கிருந்து வந்தன? மயில் தோகையை இடித்துப் பொடியாக்கினால் நீலப்பொடி கிடைக்காது. மங்கிய பழுப்புத்தான் கிடைக்கும். தோகையில் நீலச் சாயமே இல்லை! இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-லேயே தோகையைத் தண்ணீரில் நனைத்து, அந்த நிறம் மறைந்துபோவதைக் கண்டு எழுதினார். 2003-ல் சீனாவில் ஷாங்காய் நகரத்து ஃபூடான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள், தோகையில் நுண்ணிய குச்சிகளாக வரிசை போட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால், குச்சிக்குக் குச்சி இடைவெளி அதில் சுமார் ஒன்றரைக் கூறு. இடைவெளி கொஞ்சம் குறைந்தால் நீலம், கொஞ்சம் கூடினால் பச்சை. வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதே நிறம் பிறக்கிறது. உப்பு இல்லை, கொதிநீர் இல்லை, கழிவு வாய்க்கால் இல்லை. உதிர்ந்த தோகை மண்ணோடு மண்ணாகிறது.

உப்புக்கும் அந்தப் பட்டறையில் பதில் உண்டு. பிச்சாவரம் உப்பங்கழியில் வெண்கண்டல் மரம் உப்புத் தண்ணீரில் நின்றே பிழைக்கிறது. பெரும்பங்கு உப்பை வேர் உள்ளே விடுவதில்லை. தப்பி வந்ததை இலை கசிந்து வெளியே தள்ளுகிறது. இதற்கெல்லாம் சக்தி வெயில் ஒன்றே. கடல் தந்த உப்பு கடலோரத்திலேயே தங்குகிறது. நாமோ, கடலோரத்தில் விளைந்த உப்பை லாரியில் ஏற்றி, காங்கேயம் காட்டுக்குள் கொண்டுபோய்க் கிணற்றில் கரைத்தோம்!

இந்த வித்தையெல்லாம் ஒரு நாளில் வந்ததல்ல. உயிர்கள் பூமியில் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தலைமுறைக்குத் தலைமுறை சிறு சிறு மாறுதல்; சுற்றுச்சூழலோடு ஒத்துவந்தது நின்றது, ஒவ்வாதது போயிற்று. இதைத்தான் 1859-ல் டார்வின் உலகுக்கு விளக்கினார். ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகும் ஏற்பாடு இப்படித்தான் உருவாயிற்று. செயற்கைச் சாயத்துக்கோ வயது 170 ஆண்டுதான். 1856-ல் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் கண்டுபிடித்ததிலிருந்து ஆரம்பம். இத்தனை நீண்ட சோதனையில் தேறி வந்ததைப் பார்த்துப் படிக்காமல், நேற்று வந்ததை ஒரேயடியாக ஒரு ஆற்றின் தலையில் கொட்டுவது விஞ்ஞானமா, அவசர லாபமா?

எதைப் படிப்பது, எதை விடுவது

இயற்கையைக் கும்பிடச் சொல்லவில்லை நாம். பாம்பின் விஷமும் காலராக் கிருமியும் பரிணாமத்தில் வந்தவைதான். பரிணாமத்துக்கு முன்யோசனை கிடையாது, இரக்கமும் கிடையாது. தகுதியுள்ளது பிழைக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளி பட்டினி கிடப்பதும் இயற்கை நியதி என்று முதலாளிகளின் பண்டிதர்கள் பேசியதை நாம் அறிவோம். நாம் அந்தப் பாடத்தைச் சொல்லவில்லை. மனிதனுக்கு முன்யோசனை உண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு. படிக்க வேண்டியவை இவை: சிறிதாகச் சோதித்துப் பார், தவறினால் கைவிடு, கிட்டே கிடைப்பதைக் கொண்டு செய், எடுத்ததை எடுத்த இடத்துக்குத் திருப்பிக் கொடு.

இன்று பட்டறைகள் சவ்வு வழியே கழிவுநீரை அழுத்தி வடிகட்டி, தண்ணீரை மீட்டு மறுபடி உபயோகிக்கின்றன. இது முன்னேற்றமே; மக்கள் போராடிப் பெற்ற முன்னேற்றம். ஆனால் மிச்சத்தை வற்றவைக்கக் கொதிகலன் எரிய வேண்டும். கடைசியில் கலப்பு உப்பும் சேறும் மிஞ்சி நிற்கின்றன. ஆற்றில் விட்ட கழிவை மூட்டையில் கட்டியிருக்கிறோம். கழிவே வராத வழியை இன்னும் எட்டவில்லை. குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் இருக்கின்றன. இயற்கையிலேயே பழுப்பு நிறத்தில் வெடிக்கும் பருத்தியைப் பெரு நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைப் பார்த்து, சாயமில்லாமல் நீலம் காட்டும் இழையை ஜப்பானில் ஒரு கம்பெனி செய்துகாட்டியது. அது சந்தையில் வெகுகாலம் நிற்கவில்லை. உடனே லாபம் தராததை முதலாளி தொடமாட்டான். சர்க்கார்தான் பொதுப் பணத்தில் இந்த ஆராய்ச்சியை நடத்த வேண்டும்.

இஞ்சினீயரை நாம் விரோதியாகக் கருதவில்லை. அவரும் சம்பளக்காரர்தான். "இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றால் அவருக்கு வேலை போகும். அந்த அச்சத்திலிருந்து அவரைக் காப்பதும் தொழிற்சங்கத்தின் கடமை. அதே சமயம், "முதலாளி சொன்னார், செய்தேன்" என்ற சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. படித்த படிப்பு ஊர்ப் பணத்தில் வந்தது. பதில் சொல்ல வேண்டியதும் ஊருக்குத்தான்.

ஆகவே நாம் கோருகிறோம்: எந்தப் புதிய ஆலையின் திட்டமும், என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தமிழில் எழுதி, ஊராட்சியிலும் சங்கத்திலும் முன்கூட்டியே வைக்கப்பட வேண்டும். இஞ்சினீயரிங் கல்லூரியில் இரும்பையும் சிமெண்டையும் படிப்பவர் மரத்தையும் மண்ணையும் ஆற்றையும் படிக்க வேண்டும். கழிவுக் குற்றத்துக்காக ஆலை மூடப்பட்டால், மூடிய நாட்களுக்குத் தொழிலாளிக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். குற்றம் செய்தவன் அவனல்ல.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். ஆறும் நிலமும் உழைப்பவன் உடம்பும்தான் அந்தச் சுவர். சாயத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒன்றாக நின்று ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: "இந்தக் கழிவு எங்கே போகும்?" பதில் வரும் வரை எந்த வரைபடத்தையும் முடிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.