பத்து ரூபாய் ரப்பர்

வேலூரிலிருந்து போளூர் போகிற பஸ்ஸில் காலை வேளையில் ஏறிப் பாருங்கள். கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசல் வருவதற்குள் மூன்று பாட்டுக் கச்சேரி கேட்டுவிடலாம். ஒன்று, டிரைவர் போடுவது. இரண்டு, பின் சீட்டுப் பெரியவர் செல்போன் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு ஊருக்கே தானம் செய்வது. மூன்றாவது, பக்கத்து சீட்டு இளைஞர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு 'தனியாக'க் கேட்பது. இந்த மூன்றாவது கச்சேரிதான் இந்த வார விஷயம்.

தனியாகக் கேட்கிறவரின் பாட்டு பக்கத்து சீட்டுக்கு 'ட்ஸ்... ட்ஸ்... ட்ஸ்...' என்று ஏன் கேட்க வேண்டும்? காரணம் சுலபம். இயர்போன் காதில் சரியாக உட்காரவில்லை. இடுக்கு வழியாக வெளிச்சத்தம் உள்ளே போகிறது, உள்சத்தம் வெளியே வருகிறது. அவர் வால்யூமை ஏற்றுகிறார். டிரைவரும் ஏற்றுகிறார். ஜவ்வாது மலையடிவாரமே அதிர்கிறது.

இளைஞரைக் கேட்டால், "இன்னாண்ணா பண்றது, முந்நூறு ரூபா செட்டு. பேஸே வரமாட்டேங்குது. அடுத்த மாசம் சம்பளத்துல நல்லதா ஒண்ணு வாங்கணும்" என்பார். வாங்குவார். அதிலும் பேஸ் வராது. ஏனென்றால் கோளாறு இயர்போனில் இல்லை. முனையில் மாட்டியிருக்கும் அந்தக் குட்டி ரப்பரில்.

கொஞ்சம் விஞ்ஞானம். (பயப்படாதீர்கள், ஒரு பாராதான்.) இயர்போனுக்குள் இருப்பது கல்யாண மண்டப ஸ்பீக்கரின் பேரன். அதே காந்தம், அதே கம்பிச்சுருள், அதே சவ்வு. என்ன, மண்டபத்தில் 12 அங்குலம், இங்கே 10 மில்லிமீட்டர். இத்தனூண்டு சவ்வு எப்படி தவில் சத்தத்தைத் தருகிறது? அது நிரப்ப வேண்டியது மண்டபத்தை அல்ல, உங்கள் காதுத் துவாரத்தை. நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். மூடிய குழாய்க்குள் காற்றை முன்னும் பின்னும் தள்ளினால் போதும், செவிப்பறை அதிரும். சைக்கிள் பம்ப் மாதிரி. பம்பின் வாஷர் தேய்ந்திருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் புஸ். இயர்போன் ரப்பர் பொருந்தாவிட்டாலும் அதே புஸ்தான். முதலில் ஓடிப்போவது பேஸ். மிஞ்சுவது ஜால்ரா சத்தம்.

சோதித்துப் பார்க்க லேப் எதுவும் தேவையில்லை. பேஸ் கிடார் நன்றாக ஒலிக்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். (இளையராஜா ரசிகர்களுக்கு இதில் கஷ்டமே இருக்காது.) இரண்டு விரலால் இயர்போனை மெல்ல உள்பக்கம் அழுத்துங்கள். சட்டென்று பேஸ் கூடினால் உங்கள் ரப்பர் சைஸ் தப்பு. டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். சின்னதும் பெரியதுமாக இரண்டு ஜோடி ரப்பர், யாரும் தொடாமல் பிளாஸ்டிக் கவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மாட்டிப் பார்த்து எது அடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்றில் நடுத்தரம், இன்னொன்றில் பெரியது என்று மாட்டினால் யாரும் சிரிக்கப் போவதில்லை. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? செல்போன் கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு உதிரியாகக் கிடைக்கும்.

மாட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். ஸ்கூலில் வாத்தியார் இழுத்த அதே இடம், கொஞ்சம் அன்போடு. வளைந்த துவாரம் நேராகும். இப்போது இயர்போனை நுழைத்துவிட்டு காதை விடுங்கள். பஸ் இரைச்சல் சட்டென்று தூரப் போனால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

'விலை ஏறினால் சத்தமும் நன்றாயிருக்கும் அல்லவா?' என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். 2017ல் யெரூன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்துப் பார்த்தார். காதுக்குள் போவது, காது மேல் உட்காருவது, காதையே மூடுவது எல்லாம் அதில் சேர்த்தி. எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்ற வரைபடத்தையும் கடை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முடிவு: இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை! காசு அதிகம் கொடுத்தால் நல்ல உடம்பு, நல்ல ஒயர், நல்ல டப்பா கிடைக்கலாம். நல்ல சுருதி கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் நாலு செட்டில் எது தேவலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆபீஸில் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடக்கும். "என்னோடதுல ஹார்மோனியம் தனியா கேக்குதுடா!" "போடா, என்னோடதுல பாடறவர் மூச்சு விடறதே கேக்குது!" இந்த வாதம் முடியாது. தீர்ப்பு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகள்.

முதலாவது, சத்தம் சமமாக இருக்க வேண்டும். இரண்டில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று நம் மூளை தீர்ப்பெழுதிவிடும். மகா அவசரக்கார நீதிபதி. ஒவ்வொரு செட்டுக்கும் வால்யூமைத் திருத்தி, பாடகர் குரல் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, ஒரே பாட்டு, அதுவும் மனப்பாடமான பாட்டு. குரலில் 'ஸ' வருகிற இடத்தில் காதில் ஊசி குத்துகிறதா, கடத்தின் அடி நாதம் கேட்கிறதா, கோரஸ் வரும்போது எல்லாம் சேர்ந்து கூழாகிறதா என்று பாருங்கள். நம் காதுத் துவாரமே 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற குழாய். காதுக்குள் இயர்போனை அடைத்ததும் அந்த இயற்கைத் தூக்கல் மாறிவிடுகிறது. அதை இயர்போன் ஈடுகட்ட வேண்டும். சரியாகக் கட்டினால் குரல் தெளிவு. அளவு மீறினால் ஊசி.

மூன்றாவது, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் மாற்றி மாற்றி மாட்டிவிடட்டும். விலை தெரியக் கூடாது, பெயர் தெரியக் கூடாது. இந்தப் பரீட்சையில் ஐயாயிரம் ரூபாய்க்காரர் முந்நூறு ரூபாய்க்கு ஓட்டுப் போட்டுவிட்டால், அன்று மாலை டீ அவர் செலவு.

அப்புறம், 'நூறு மணி நேரம் ஓட விட்டால் சத்தம் பழுக்கும்' என்று ஒரு கட்சி உண்டு. மாம்பழமா என்ன? பெரும்பாலும் பழுப்பது சவ்வு அல்ல, அதைக் கேட்டுப் பழகிய காதுதான்.

இனி கைவைத்தியம். உள்ளதைத் திருத்துவது எப்படி?

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று எறியப்படும் செட்டுகள் எத்தனையோ. பாதிக்குக் காரணம், மன்னிக்கவும், காதுக் குறும்பி. ரப்பரைக் கழற்றி முனையில் இருக்கும் வலையைப் பாருங்கள். அடைத்திருந்தால் வலை தரையைப் பார்க்கும்படிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பல்துலக்கும் பிரஷால் தட்டுங்கள். அழுக்கு கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. ஊசி, குச்சி, தண்ணீர் மூன்றும் கிட்டே வரக் கூடாது.

ஒயர் சட்டையில் உரசும்போது காதுக்குள் 'கரக் கரக்' என்கிறதா? ஒயரைக் காதின் மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விடுங்கள். மேடைப் பாடகர்கள் மாட்டுவது அப்படித்தான். உரசல் பெரும்பாலும் அடங்கும். செலவு பூஜ்யம்.

'ஸ' குத்துகிறது என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மைக்ரோபோர் பேப்பர் பிளாஸ்திரி ஒரு ரோல் வாங்குங்கள். முனை வலையின் மேல் பாதி வட்டமாக ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். உச்சஸ்தாயி மட்டுப்படும். பேஸ் அளவுக்கு மீறி 'பம் பம்' என்றால் முதுகுப் பக்கம் இருக்கும் சிறு துளையை அதே பிளாஸ்திரியால் கொஞ்சம் மூடுங்கள். உள்ளே காற்று இறுகி சவ்வு அடக்கமாக ஆடும். காதுப் பக்கம் ஒரு துளை இருந்தால் அதன் குணம் நேர் எதிர்: அதை மூடினால் பொதுவாக பேஸ் கூடும். ஒரு நேரத்தில் ஒரு துளை, ஒரு துண்டு. பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடலாம். அதுதான் பிளாஸ்திரியின் சௌகரியம். ஃபெவிக்விக்கில் அந்தச் சௌகரியம் கிடையாது.

போனிலேயே ஈக்வலைசர் இருக்கும். பேஸ் வேண்டுமென்று எல்லோரும் பேஸை ஏற்றுவார்கள். ஏற்றாதீர்கள். மற்றவற்றை இறக்குங்கள். ஏற்றினால் சத்தம் உடைந்து கரகரக்கும். இறக்கினால் சுத்தமாக இருக்கும்.

ஒயர் பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில்தான் அறுகிறது. ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கிடமோ புதுப் பின் வைத்துச் சால்டர் செய்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளின் மேல் வார்னிஷ் பூசியிருக்கும். அதைச் சூட்டில் எரித்து நீக்காமல் ஈயம் ஒட்டாது. அடுத்த தடவை வாங்கும்போது ஒயரைக் கழற்றி மாட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள். ஒயர் போனால் ஒயர் மட்டும். செட்டு பிழைக்கும்.

ரப்பருக்குப் பதில் ஃபோம் முனைகளும் உண்டு. தொழிற்சாலையில் காதில் வைக்கும் மஞ்சள் அடைப்பான் போலக் கசக்கி நுழைத்தால் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். காதை இப்படி இறுக்கமாக அடைத்துப் பாட்டுக் கேட்பது நேற்று வந்த யோசனை அல்ல. 1991லேயே அமெரிக்காவின் எட்டிமோடிக் நிறுவனம் இஆர்-4 என்ற மாடலை இந்த அஸ்திவாரத்தில்தான் கொண்டுவந்தது. அதை நிறுவிய மீட் கில்லியன், காது கேட்கும் கருவிகளோடு மல்லுக்கட்டியவர். வெளிச்சத்தத்தை 20 டெசிபல் வரை ஒதுக்கிவிட்டால் பாட்டைக் கத்த விட வேண்டியதில்லை என்பது கணக்கு. இன்ஜின் உறுமல் மட்டும் கொஞ்சம் உள்ளே புகும்.

இந்தக் கணக்கு புரிய அமெரிக்கா போக வேண்டாம். சந்தவாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே ஜவ்வாது மலையில், அந்தப் பக்கம், காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு அங்கே வானியல் ஆய்வகம் அமைக்க இடம் பிடித்தது எதனால்? இருட்டு. ஊர் விளக்குகளின் வெளிச்சம் எட்டாத இருட்டு. 1986ல் அவர் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்பதும் அங்கேதான். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க நட்சத்திரத்தைப் பெரிதாக்க முடியாது. சுற்றிலும் இருக்கிற வெளிச்சத்தைக் குறைக்கலாம். பாட்டுக்கும் அதே விதி. பாட்டை ஏற்றாதே, இரைச்சலை இறக்கு. தொலைநோக்கிக்கு மலை வேண்டும். காதுக்குப் பத்து ரூபாய் ரப்பர் போதும்.

'ஏற்றினால்தான் என்ன?' என்றால், இதோ. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். பத்து டெசிபல் ஏறினால் சக்தி பத்து மடங்கு. ஆகவே 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ரேஷன். தினம் பஸ்ஸில் வேலூர் போய் வருகிறவர் செவ்வாய்க்கிழமையே தீர்த்துவிடுவார். 12 வயதிலிருந்து 35 வயது வரை நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்கிறது அதே நிறுவனம். உள்காதில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். செத்தால் மறுபடி முளைக்காது. தலைமுடியாவது பரவாயில்லை, விளம்பரத்திலாவது முளைக்கிறது.

இறங்கின பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. அடிக்கடி கேட்டால் காது டாக்டரிடம் போகவும். வண்டி ஓட்டும்போதும் தண்டவாளம் தாண்டும்போதும் இயர்போன் காதில் இருக்கவே கூடாது. அடைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, ஹாரன் அவ்வளவு கேட்காது.

கண்ணமங்கலம் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். இந்தப் பக்கத்து இளைஞர்கள் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகுவது ஆள் சேர்ப்புக்காக. ஓடும்போது காதில் இயர்போன், முழு வால்யூமில். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் காலை மட்டும் பார்ப்பதில்லை. சுமார் 6 மீட்டர் தள்ளி நின்று டாக்டர் கிசுகிசுப்பதை ஒவ்வொரு காதாகச் சொல்ல வேண்டும். அங்கே ஈக்வலைசர் கிடையாது, பிளாஸ்திரி கிடையாது, 'இன்னொரு தபா சொல்லுங்க சார்' என்று எத்தனை முறைதான் கேட்பது?

பட்டாளம் வேண்டாம், ஆபீஸ் போதும் என்கிறவர்களுக்கும் காது வேண்டும். மேனேஜர் கூப்பிட்டது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு கலை. அதற்குக்கூட முதலில் அவர் கூப்பிட்டது கேட்க வேண்டுமே!