மங்கலதேவி மலைக்கு மாணவர் வேண்டும்

"பழங்கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று விடுதியில் நண்பர் ஒருவர் கேட்டார். சோற்றுக் கணக்கு கிடக்கட்டும். கல்லின் கணக்கை முதலில் பார்ப்போம்.

பீர்மேடு வட்டத்தில், குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கற்கோயில் ஒன்று சிதைந்து கிடக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் அங்கே செல்லலாம். குமுளியிலிருந்து ஜீப்பிலும், தேனி மாவட்டத்துப் பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் கூட்டம் திரளும். அதுவே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என்று 1963இல் எடுத்துரைத்தவர் தொல்லியல் அறிஞர் அல்லர். தமிழ்ப் புலவர் சி. கோவிந்தராசனார்! கண்ணகி நடந்த வழியைத் தேடித் தாமும் நடந்தவர்.

புலவர் தம் கடமையைச் செய்துவிட்டார். ஆனால் இக்கட்டடத்தின் அடியில் இதனினும் பழைய கட்டடம் உண்டா? ஏடு சொல்லாது, மண்ணடுக்கே சொல்லும். அடுக்கடுக்காக அகழும் முறையை 1945இல் அரிக்கமேட்டில் வீலர் நம் இளைஞர்க்குக் கற்பித்தார். பூனாவில் சங்காலியாவும் பரோடாவில் சுப்பாராவும் தொல்லியலைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தனர். 1981இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கல்வெட்டு, தொல்லியல் துறை உண்டு. திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் துறை உண்டு.

துறைகள் இருந்தும் என்ன? மலை எவருடையது என்னும் வழக்கிலேதான் இருபுறத்தார்க்கும் ஆர்வம். எல்லைக்கல்லைத் தேடுவோர் அடித்தளக் கல்லையும் தேட வேண்டாவா? அவ்விரு துறை மாணவரும் கூடி, முதலில் அளந்து, வரைந்து, படியெடுக்கட்டும், அகழ்வு பிறகு.

அம்மலைகளை நன்கறிந்தவர்கள் ஏலத்தோட்டத்து, தேயிலைத்தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுள் நால்வரேனும் இப்பாடத்தில் சேர வேண்டும். சோறு கேட்ட நண்பரை வரும் சித்திரைக்கு மலையேற அழைத்திருக்கிறேன். கட்டுச்சோறு என் பொறுப்பு.