எட்ட நின்று காணும் இன்பம்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஆர்.கே.பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் குடும்பங்கள் பெரும்பாலும் மலையை நோக்கியே புறப்படுகின்றன. திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளும், சோளிங்கர்ப் பெரிய மலையின் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் மலையேற்றம். அங்கு அவர்கள் மிக அருகில் காணும் முதல் காட்டுயிர் குரங்கு. தமிழில் குரங்கு என்று ஒரு பிள்ளை கூவ, தெலுங்கில் கோதி என்று மற்றொரு பிள்ளை கூவ, படிக்கட்டு முழுவதும் மகிழ்ச்சி பொங்கும்.

அந்த மகிழ்ச்சியின் நடுவே ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தாத்தாவோ பாட்டியோ ஒரு வாழைப்பழத்தைக் குழந்தையின் கையில் வைத்து, "கொடு கண்ணு, ஒன்றும் செய்யாது" என்பார். தந்தை கைப்பேசியில் படமெடுக்க ஆயத்தமாவார். பெரும்பாலும் குரங்கு பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடும். சில வேளைகளில் அந்தக் குடும்பம் மலையிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வரும்.

குழந்தைகள் புறநோயாளர் பிரிவில் பணியாற்றும் நான் அப்படி வந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை மறக்கவில்லை. முன்கையில் பற்கள் பதிந்திருந்தன. குழந்தையைவிட அதிகமாக அழுதவர் பாட்டிதான். "புண்ணியம் தேடிப் போனேன் ஐயா, இப்படி ஆகிவிட்டதே" என்று அவர் புலம்பினார். சிறுமியோ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் பழம் கொடுத்தேனே, அது ஏன் கடித்தது?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே. குரங்கு பல்லைக் காட்டினால் குழந்தை அதைச் சிரிப்பென்று எண்ணுகிறது. குரங்கின் மொழியில் அது பெரும்பாலும் எச்சரிக்கை. குழந்தை அன்போடு கண்ணுக்குக் கண் பார்க்கிறது. குரங்கு அதை அறைகூவலாகக் கொள்கிறது. பழம் தீர்ந்த பின்னும் நீட்டியிருக்கும் வெறுங்கையை அது ஏமாற்றமாக உணர்கிறது. குழந்தையின் முகமோ குரங்குக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது. இவற்றுள் எதையும் அறியாத பிள்ளையை நாம் முன்னே தள்ளி நிறுத்துகிறோம்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். மலைக்கோயிலில் குரங்குக்குத் தீனி கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். குறிப்பாகக் குழந்தையின் கையால் கொடுக்கவே கூடாது. அது குழந்தைக்கும் நல்லதன்று, குரங்குக்கும் நல்லதன்று.

"வாயில்லா உயிருக்கு உணவளிப்பது அறமல்லவா?" என்று சிலர் கேட்பர். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நம் தென்னாட்டுக்கே உரிய இந்த நாட்டுக்குரங்கு இலை, காய், கனி, பூச்சி ஆகியவற்றைத் தேடி உண்டு வாழும் உயிர். பிஸ்கட்டுக்கும் பொட்டலத் தீனிக்கும் பழகிய கூட்டம் மரங்களை விட்டுப் படிக்கட்டுக்கும் சாலைக்கும் இறங்கி வருகிறது. குட்டிகள் வண்டிச் சக்கரங்களில் அடிபடுகின்றன. கொடுக்காதவரின் பையையும் பிடுங்கும் துணிவு வளர்கிறது. பிறகு "குரங்குத் தொல்லை" என்று நாமே முறையிட, அவை கூண்டில் பிடிபட்டு வேறிடம் கொண்டு செல்லப்படுகின்றன. இரக்கம் மெய்யானால், மலையடிவாரத்தில் ஓர் அத்தியோ நாவலோ ஆலோ நட்டு வளர்ப்போம். அந்த மரம் பல தலைமுறைக் குரங்குகளுக்குப் பசியாற்றும்.

அப்படியானால் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லவே வேண்டாமா? நான் சொல்ல வருவது அதுவன்று. அச்சத்தினால் குழந்தையை வீட்டுக்குள் அடைத்து, கையில் கைப்பேசியைக் கொடுப்பதும் ஒரு தீங்கே. வெயிலும் காற்றும் ஓட்டமும் வளரும் உடலுக்கு வேண்டும். காட்டுயிரை அருகில் இழுக்காமல், எட்ட நின்று காணக் கற்றுக்கொடுப்பதே நாம் செய்ய வேண்டியது.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டு உழவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளை வேட்டையாடுவோரிடமிருந்து காக்க வேண்டுமென்று ஊரார் வேண்ட, 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் அதற்கு இசைவு அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். அவர்கள் பறவைகளுக்கு இரை வைக்கவில்லை. தொந்தரவு செய்யாமல் விட்டனர். இன்றும் அவை அங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரைச் சலித்து இரை தேடும் அழகைக் கரையில் நின்றே குழந்தைக்குக் காட்டலாம். படகை நெருங்கச் செலுத்தினால் அவை இரையை விட்டுப் பறந்துவிடும். நமக்கும் காட்சி போய்விடும்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களும் உண்டு. வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்திருக்கையில், உடன் இருக்கும் சிறுபிள்ளையைக் கவனிக்க நேரமின்றிப் போவதை இங்கே நாள்தோறும் காண்கிறேன். அத்தகைய குடும்பத்துக்கு ஊர் ஏரிக்கரையில் ஒரு மாலைப்பொழுது போதும். மழைக்காலம் முடிந்து ஏரியில் நீர் நிற்கையில் கொக்கும் நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் அங்கே இருக்கும். மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை, பறக்கும்போது நீலச் சிறகை விரிக்கும். "எத்தனை நிறம் கண்டாய்?" என்று கேளுங்கள். தண்ணீரை ஒட்டி நிற்கையில் மட்டும் குழந்தையின் கையை விடாதீர்கள். இருட்டும் முன் வீடு திரும்புங்கள்.

மலைக்குச் செல்கையில் சில பழக்கங்கள் உதவும். தின்பண்டத்தை மூடிய பையில் வையுங்கள். குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். குரங்கு நெருங்கினால் கத்தாமல், ஓடாமல், அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். குட்டியோடு இருக்கும் தாயின் அருகே போகவே வேண்டாம். பையைப் பற்றி இழுத்தால் விட்டுவிடுங்கள்.

அதையும் மீறிக் கடித்தாலோ பிறாண்டினாலோ காலம் தாழ்த்தக் கூடாது. காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். இறுகக் கட்டவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ரேபிஸ் எனப்படும் வெறிநோய் நாயால் மட்டுமே வருவதன்று. அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் அந்நோய் வராமல் தடுத்துவிடலாம். நாய்க்கடியில் சொல்லப்படும் "பத்து நாள் பார்ப்போம்" என்ற கணக்கு குரங்குக்குப் பொருந்தாது. அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி கட்டணமின்றிக் கிடைக்கிறது. தோலில் போடும் முறையில் முதல் நாளை 0 எனக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படும். காயம் ஆறிவிட்டதென்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய்க்கோ வேறு நோய்க்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், சிறு கீறலானாலும் அதனை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு எல்லா ஊசிகளும் முறையாகப் போடப்பட்டன. அவள் நலமாக இருக்கிறாள். கடைசி ஊசிக்கு வந்த நாளில், குரங்கைப் பார்க்க மறுபடியும் போவாயா என்று கேட்டேன். "போவேன். ஆனால் பாட்டி இடுப்பில் உட்கார்ந்து பார்ப்பேன்" என்றாள். பாட்டியும் தலையசைத்தார்.

அடுத்த விடுமுறைக்கு நீங்களும் பிள்ளைகளோடு மலை ஏறுங்கள். பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படிகளில் நின்று அந்தக் கூட்டத்தைக் கண்குளிரப் பாருங்கள். பாதுகாப்பாக வீடு திரும்பிய பின், அந்தப் பழத்தை உங்கள் குழந்தையே உண்ணட்டும்.